நெயில் பாலிஷ் வைத்த போல்ட்டுகள்

செலவுக் கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

"உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க மேடம், ரெண்டு பக்கத்துக்குள்ள" என்று கேட்டீர்கள். சிரிப்பு வந்துவிட்டது. எதையும் ரெண்டு பக்கத்துக்குள் சுருக்குவதுதானே முப்பத்து நான்கு வருடம் என் பிழைப்பு. ஆனால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் சுருக்குவதாக இல்லை. சுருக்கப் போய்த்தான் வினை வந்தது. பொறுமை இருந்தால் படியுங்கள், இல்லாவிட்டால் டீக்குப் போய்விட்டு வந்து படியுங்கள்.

என்னை அறியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் முதலில் எஞ்சின் பாகங்கள் செய்யும் ஆலைகளில் இருந்தேன். கடைசி ஆறு வருடம் எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்குப் பேட்டரி பூட்டும் ஆலை. ஒரு பொருளைப் பிரித்துப் போட்டு, இது எதற்கு, இதற்கு ஏன் இவ்வளவு ஆகிறது என்று குடைவதுதான் என் வேலை. லைனில் எனக்கு வைத்திருந்த பெயர் கத்திரி மேடம். நேரில் யாரும் சொல்ல மாட்டார்கள். நான் தூரத்தில் வரும்போதே ஒருவருக்கொருவர் இரண்டு விரலைக் கத்திரி மாதிரி ஆட்டிக் காட்டுவார்கள். வீட்டிலும் இதே கதைதான். என் வீட்டுக்காரர் வள்ளூர் அனல் மின் நிலையத்தில் வேலை பார்த்தவர், சாதுவான மனிதர். மீஞ்சூர் மார்க்கெட்டுக்கு என்னைக் கூட்டிப் போவதை அவர் நிறுத்திப் பல வருடம் ஆகிறது. ஒரு முறை காய்கறிக்காரரிடம் வண்டிக்கூலி எவ்வளவு, அழுகலுக்கு எவ்வளவு கழிக்கிறீர்கள் என்று நான் கேட்கப் போக, அவர் தராசைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, நீங்களே கடைய பாத்துக்கோங்க" என்று எழுந்து போய்விட்டார்.

இப்படிப்பட்டவளுக்கு எலக்ட்ரிக் வண்டித் தொழில் தோதாகத்தான் அமைந்தது. பேட்டரியின் விலையில் பெரும் பங்கு உள்ளே இருக்கும் செல்லுக்கே போய்விடும். அது வெளியிலிருந்து வருவது, அதன் விலையில் நாம் கை வைக்க முடியாது. ஆக, கத்திரி முழுவதும் சுற்றியுள்ள சின்னச் சின்ன விஷயங்களின் மேல்தான் விழும். ஒரு கிளிப், ஒரு ஸ்டிக்கர், ஒரு தொழிலாளியின் கையில் இருக்கும் சில விநாடிகள்.

அந்த வருடம் எங்களிடம் பேட்டரி வாங்கும் ஸ்கூட்டர் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. விலை குறையாவிட்டால் அடுத்த மாடலுக்கான ஆர்டர் வேறு ஆலைக்குப் போகும் என்று மரியாதையான ஆங்கிலத்தில் மிரட்டியிருந்தார்கள். எங்கள் பிளான்ட் ஹெட் என்னைக் கூப்பிட்டு, "மேடம், லைனை ஒரு அலசு அலசிடுங்க" என்றார். நான் ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு நான்கு நாள் லைனில் நின்றேன்.

ஆறாவது ஸ்டேஷனில் இருந்தவள் எஸ்தர். முப்பத்தைந்து வயதிருக்கும். கவரைப்பேட்டையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊர். அவளுடைய நைனாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அந்த வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் இவள்தான். ஐந்து வருடமாக ஒப்பந்தத் தொழிலாளியாகவே இருந்தாள். அடுத்த பர்மனென்ட் பட்டியலில் அவள் பெயர் இருக்கிறது என்று அப்போது பேச்சு.

அவள் வேலை, பேட்டரிப் பெட்டிக்குள் செம்புப் பட்டைகளை இருபத்து நான்கு போல்ட்டுகளால் முடுக்குவது. முடுக்குவதற்கு ஒரு மின்சாரக் கருவி உண்டு, லைனில் அதை 'கன்' என்போம். சரியான இறுக்கம் வந்ததும் பச்சை விளக்கு எரியும், கம்ப்யூட்டரில் பதிவாகும். இருபத்து நான்கு பச்சை விழுந்தால்தான் பெல்ட் நகரும். எஸ்தர் ஒவ்வொரு பச்சைக்குப் பிறகும் மஞ்சள் மார்க்கரால் அந்த போல்ட்டின் தலையில் ஒரு புள்ளி வைப்பாள். கையால் முடுக்கிய காலத்தில் எஞ்சின் ஆலைகளில் எல்லோரும் வைத்த புள்ளிதான் அது.

நான் வாட்சைப் பிடித்துக்கொண்டு நின்றதும் அவள் திரும்பாமலே பேசினாள்.

"இன்னா மேடம், என் ஆயுசு எத்தினி பாக்கி கீதுன்னு அதுல பாக்குறீங்கோளா?"

"ஆயுசு இல்ல எஸ்தர், செகண்டு."

"அத்தயும் வெட்டிடாதீங்கோ. அந்த கேப்புலதான் மூச்சு வுட்டுகினு கீறேன்."

அவளோடு பேசிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கும். நான் எரிந்து விழுந்தாலும் பயப்படாத ஒரே ஆள் அந்த லைனில் அவள்தான். மீன் குழம்பு கொண்டு வந்த நாளில் என் டப்பாவைத் திறந்து பார்த்து, "இத்த தின்னுட்டுத்தான் இவ்ளோ கோவமா?" என்று பாதிக் குழம்பை ஊற்றிவிட்டுப் போவாள்.

அன்றைக்கு நான் கேட்டேன். "கன் தான் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல எழுதிடுதே, நீ எதுக்கு புள்ளி வேற வைக்கிறே?"

"பொட்டு வச்சாதான் மேடம் முடிஞ்சா மாறி இருக்கும். இல்லாங்காட்டி..."

அதற்குள் அடுத்த பெட்டி வந்துவிட்டது, அவள் திரும்பிக்கொண்டாள். நான் காத்திருக்கவில்லை. என் தாளில் 'காரணம்' என்ற கட்டத்தில் 'பழக்கம்' என்று எழுதினேன். அடுத்த கட்டத்தில் 'தேவையில்லை' என்று எழுதினேன். கையெழுத்து அழகாகவே வந்தது.

கூட்டத்தில் யாரும் மறுக்கவில்லை. குவாலிட்டி மேனேஜரும் கையெழுத்துப் போட்டார். மார்க்கர் போனது, அதற்கான விநாடிகளும் போயின, கூடவே நான் கண்டுபிடித்த இன்னும் பத்துப் பதினைந்து சில்லறை வேலைகளும் போயின. விலை குறைந்தது, ஆர்டர் தங்கியது. எனக்குச் சால்வை போர்த்திப் படம் எடுத்தார்கள். பிளான்ட் ஹெட் தனியே கூப்பிட்டு, ஓய்வு பெற்ற பிறகும் இரண்டு வருடம் ஆலோசகராக இருக்க வேண்டும், அதற்கான தாளைத் தயார் செய்கிறேன் என்றார். எனக்கு வீட்டில் சும்மா உட்காரத் தெரியாது. மாடியில் ஒரு அறை பாதி கட்டி நின்றது. ரயிலில் வரும்போது அந்த அறைக்கு ஜன்னல் எந்தப் பக்கம் வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

மூன்று மாதம் போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை, நாஷ்டா டப்பாவைத் திறக்கும்போதே போன் வந்துவிட்டது. ஸ்கூட்டர் கம்பெனியில் சோதனைக்கு ஓட்டிய ஒரு வண்டியில் கருகல் வாசனை வந்திருக்கிறது. நிறுத்திப் பிரித்துப் பார்த்தால், ஒரு போல்ட்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் உருகிக் கிடக்கிறது. அந்த போல்ட் விரலால் தொட்டாலே சுழல்கிறது. ஓட்டியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எங்கள் பேட்டரியை இனி ஒன்றுகூட வண்டியில் பூட்டக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். எங்கள் வாசலில் ஏற்றி நின்ற லாரிகள் அப்படியே நின்றன. மதியம் மூன்று மணிக்கு அவர்கள் ஆட்கள் நேரில் வருகிறார்கள் என்ற செய்தியும் வந்தது.

எல்லோரையும் குழப்பியது ஒரே விஷயம்தான். கருகிய பெட்டியின் பதிவைக் கம்ப்யூட்டரில் எடுத்துப் பார்த்தால் இருபத்து நான்கும் பச்சை. கன் பொய் சொல்லாது. அப்படியானால் கன் முடுக்கிய பிறகு யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்றார் குவாலிட்டி மேனேஜர். அந்த நேரத்தில் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கிடங்கில் இருந்த பெட்டிகளைப் பிரிக்க ஆரம்பித்தோம். மூடி பசை போட்டு ஒட்டியது, ஒன்றைப் பிரிக்கவே ஒரு மணி நேரம் ஆகும். எல்லா ஆட்களையும் இறக்கி, பதினொரு மணிக்குள் பன்னிரண்டு பெட்டிகளைத் திறந்தார்கள். மூன்றில் ஒவ்வொரு போல்ட் தளர்ந்திருந்தது. அதோடு இன்னொன்றும் அகப்பட்டது. ஐந்து பெட்டிகளில் எல்லா போல்ட்டின் தலையிலும் ரோஸ் நிறத்தில் பளபளவென்று ஒரு பொட்டு. ஒரு பையன் அதைச் சுரண்டி மோந்து பார்த்துவிட்டு, "சார், நெயில் பாலிஷ் சார்" என்றான்.

லைனில் வேலை செய்யும் பெண்கள் நகத்தில் பாலிஷ் போடக் கூடாது என்று எங்கள் ஆலையில் விதி உண்டு. கேட்டிலேயே கையை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். போல்ட்டுக்குப் போடக் கூடாது என்று ஒரு விதி எழுத வேண்டியிருக்கும் என்று எங்களில் யாரும் கனவிலும் நினைக்கவில்லை. குவாலிட்டி மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. "எரியிற சரக்கை பேட்டரிக்குள்ள வச்சிருக்காங்க! கன் முடுக்கின பிறகு கை வச்ச ஆளு இதுதான்!" என்று கத்தினார். ஷிப்ட் பதிவைப் பார்த்தார்கள். ஐந்து பெட்டியும் எஸ்தர் கையில் போனவை.

நான் பிளான்ட் ஹெட் அறைக்குப் போனபோது ஒரு கடிதம் ஏற்கனவே அச்சாகி மேஜையில் இருந்தது. எஸ்தரே எழுதியது போல நான்கே வரி. அனுமதி இல்லாத பொருளைப் பயன்படுத்தினேன், கன் முடுக்கிய பிறகு போல்ட்டுகளைத் தொட்டேன், அதனால் ஏற்பட்ட தளர்வுக்கு நானே பொறுப்பு. கீழே எஸ்தரின் பெயர், கையெழுத்துக்கு இடம்.

பிளான்ட் ஹெட் கெட்டவர் இல்லை, அதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கடிதத்தை என் பக்கம் தள்ளினார். "மேடம், மூணு மணிக்கு வர்றவங்க கிட்ட ஒரு காரணம் சொல்லணும், ஒரு பேர் சொல்லணும். சொன்னா லாரி நகரும். இல்லைன்னா ஆர்டர் போகும், இந்த லைன்ல இருக்கிற இருநூறு பேரும் வீட்டுக்குப் போகணும். எஸ்தர் உங்ககிட்ட நல்லாப் பேசுவாங்க. நீங்க சொன்னா கையெழுத்துப் போடுவாங்க."

நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன். உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், அந்தப் படிகளில் இறங்கும்போது என் மனதில் முதலில் வந்தது எஸ்தர் இல்லை. இந்தத் தாளில் என் பெயர் இல்லை என்ற நிம்மதிதான் முதலில் வந்தது. அது என்ன நிம்மதி, எதற்கு எனக்கு அது வர வேண்டும் என்று அப்போது யோசிக்கக்கூட இல்லை.

அவளைப் பயிற்சி அறையில் உட்கார வைத்திருந்தார்கள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். நான் நீட்டிய கடிதத்தை வாங்கி, உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தாள்.

"கன்னு வச்ச பின்னாடி நான் லூஸ் பண்ணிட்டேன்னு எழுதிகீதா?"

"தொட்டேன்னு எழுதியிருக்கு."

"இதுல போட்டா பர்மனென்ட் போய்டும், இல்ல?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "போயிடும். வேலையே போகலாம்."

"போடலன்னா ஆர்டர் போய்டும்ன்றாங்கோ. எல்லாருக்கும் வேல போய்டுமாம்." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் புரில. நீங்கோ சொல்லுங்கோ மேடம். போடட்டுமா?"

போடு என்று நான் சொல்லியிருந்தால் போட்டிருப்பாள். என்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது. ஏதாவது பேச வேண்டுமே என்றுதான் கேட்டேன். "மார்க்கரை நிறுத்தின பிறகும் ஏன் எஸ்தர் வச்சே? சொந்த பாட்டிலை கொண்டாந்து?"

"பாட்டில் என் பொண்ணுது, பாதி காஞ்சிபோனது. லஞ்ச் பைல போட்டு எடுத்தாந்தேன்." மடியில் இருந்த தொப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "பொட்டு வெக்காம அனுப்பினா ஊட்டுக்குப் போயும் தூக்கம் வரல மேடம். எதுனா வுட்டுட்டமோ, எதுனா வுட்டுட்டமோன்னு."

"கன் எண்ணிடுதே?"

"அது எண்ணும். எந்த போல்ட்டுன்னு அதுக்கு தெரியுமா?"

இந்த முறை நான் காத்திருந்தேன். என் பேனாவும் மேஜைமேல் மூடியே கிடந்தது. அவள் எழுந்து, மூலையில் புதிய ஆட்களுக்குப் பழக்கம் கொடுப்பதற்காக வைத்திருந்த காலிப் பெட்டியிடம் போனாள். பயிற்சிக் கன்னை எடுத்தாள். "இப்போ பாருங்கோ. அவசரத்துல கன்னு தல வழுக்கும். வழுக்கினா திருப்பி வெப்போம். சில தபா முடுக்கின போல்ட்டு மேலயே வெச்சிடுவோம். அதுக்கும் பச்ச எரியும்." ஒரே போல்ட்டில் இரண்டு முறை வைத்துக் காட்டினாள். இரண்டு பச்சை. மற்றவற்றை வரிசையாக முடுக்கினாள். இருபத்து நான்காவது பச்சை விழுந்ததும் திரையில் 'சரி' என்று வந்தது. கடைசி மூலையில் ஒரு போல்ட்டை அவள் இரண்டு விரலால் சுழற்றினாள், பம்பரம் போலச் சுழன்றது.

"பொட்டு வெச்சா, பொட்டு இல்லாத மூஞ்சி ஒண்ணு தனியா தெரியும். ஓடிப்போய் அத்தயும் முடுக்கிடுவேன். பொட்டு இல்லன்னா எல்லாம் ஒரே மாறிதான கீது?"

பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். "இத்தனை நாளா இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவளுக்குக் கோபம் வந்தது. அதுவரை அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "ஏன் சொல்லல? நீங்கோ வந்து கேட்டன்னிக்கு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள எழுத ஆரம்ச்சிட்டீங்கோ. எழுதறவங்க கிட்ட நான் இன்னாத்த பேசறது? படிச்சவங்க, தெரிஞ்சிதான் எழுதறாங்கன்னு வுட்டுட்டேன்."

அந்த நான்கு வரிக் கடிதத்தை மடித்து என் கைப்பையில் வைத்துக்கொண்டு, பெட்டிகளைப் பிரிக்கும் இடத்துக்கு ஓடினேன். ஐம்பத்தேழு வயதில் அப்படி ஓடியதை அன்றைக்குத்தான் எல்லோரும் பார்த்தார்கள். தளர்ந்த மூன்று பெட்டிகளையும் நானே குனிந்து பார்த்தேன், மூன்றிலும் பொட்டு இல்லை, மூன்றும் வேறு ஷிப்டில் போனவை. ரோஸ் பொட்டு இருந்த ஐந்தையும் ஒவ்வொரு போல்ட்டாகத் திருகச் சொன்னேன். ஒன்றுகூட அசையவில்லை. கருகிய பெட்டியின் போட்டோவைப் போனில் பெரிதாக்கினேன், அதிலும் பொட்டு இல்லை. காலையிலிருந்து எங்கள் எல்லோர் கண் முன்னாலும் கிடந்த விஷயம் இது. பொட்டு வைத்தவள் மேல் இருந்த கோபத்தில் யாரும் பார்க்கவில்லை.

மணி ஒன்றே முக்கால். பிளான்ட் ஹெட் அறையில் போய் நின்று சொன்னேன். "சார், எஸ்தர் காரணம் இல்ல. முடுக்காம விட்டதைக் கண்டுபிடிக்கிற ஒரே வழி அந்தப் புள்ளிதான். அதை எடுத்தது நான்."

குவாலிட்டி மேனேஜர் குறுக்கிட்டார். "அப்படியே இருந்தாலும் நெயில் பாலிஷ் தீப்பிடிக்கிற சரக்கு மேடம். அந்தப் பெட்டிகளையும் அனுப்ப முடியாது." அவர் சொன்னதும் சரிதான். எஸ்தர் செய்தது முழுக்கச் சரி என்று நான் வாதாடவில்லை. எல்லாப் பெட்டியையும் பிரிக்கத்தான் வேண்டும், ஆனால் காரணம் என்ற இடத்தில் உண்மைதான் எழுத வேண்டும் என்றேன்.

பிளான்ட் ஹெட் அவரை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். "மேடம், உங்களுக்கு இன்னும் எட்டு மாசம் சர்வீஸ் இருக்கு. உங்க ரெண்டு வருஷத்துக்கான தாள் இந்த டிராயர்லதான் இருக்கு. இந்த ரிப்போர்ட்ல உங்க பேர் போச்சுன்னா அதை நான் மேல அனுப்ப முடியாது. நல்லா யோசிச்சிக்கோங்க."

நான் யோசித்தேன். உடனே மார்தட்டி எழுந்தேன் என்று எழுதினால் அது பொய். மாடி அறை கண்ணில் வந்தது. மீஞ்சூரில் காலை ஒன்பது மணிக்கு வீட்டில் உட்கார்ந்திருக்கும் என்னை நானே கண்ணில் பார்த்துப் பயந்தேன். அந்தக் கடிதமும் கைப்பையில் இருந்தது. அதைக் கொண்டுபோய் எஸ்தரிடம் திரும்பவும் நீட்டுவதை நினைத்துப் பார்த்தேன். "போடட்டுமா?" என்று அவள் மறுபடி கேட்டால் நான் என்ன சொல்வேன்? அது என்னால் ஆகாது என்று தெரிந்தது. "என் பேரை எழுதிக்கோங்க சார்" என்றேன்.

மூன்று மணிக்கு நான்கு பேர் வந்தார்கள். பேச்சு வார்த்தையெல்லாம் பிறகு என்று அவர்களை நேராகப் பயிற்சி அறைக்கு அழைத்துப் போனேன். எஸ்தரைச் செய்து காட்டச் சொன்னேன். அவர்களில் உயரமாக ஒரு இளைஞர், நம்பாமல் தானே கன்னை வாங்கி மூன்று முறை செய்து பார்த்தார். மூன்று முறையும் பச்சை, மூன்று முறையும் ஒரு போல்ட் சுழன்றது. அவர் அப்படியே வெளியே போய், தங்களுக்குப் பேட்டரி தரும் இன்னொரு ஆலைக்குப் போன் போட்டு, "உங்க லைன்ல போல்ட்டுக்கு மார்க் வைக்கிறீங்களா, நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. பதில் என்ன வந்ததோ தெரியவில்லை. திரும்பி வந்தபோது அவர் எங்களைத் திட்டும் மனநிலையில் இல்லை.

திட்டு வேறு இடங்களிலிருந்து தாராளமாக வந்தது. அந்த வாரம் முழுக்கப் பெட்டிகளைப் பிரித்தோம், துடைத்தோம், பூட்டினோம். ஆர்டர் தப்பியது. குவாலிட்டி மேனேஜர் உத்தரவுக்குக் காத்திருக்காமல் பஜாருக்குத் தானே போய் ஒரு பை நிறைய மஞ்சள் மார்க்கர் வாங்கி வந்தார். எஸ்தரை வாயால் கண்டித்ததோடு விட்டார்கள், தாளில் ஒன்றும் ஏறவில்லை. எனக்கு மெமோ வந்தது. முப்பத்து நான்கு வருடத்தில் அது ஒன்றுதான், பத்திரமாக வைத்திருக்கிறேன். இரண்டு மாதம் கழித்து கேன்டீன் பக்கம் ஒட்டிய பர்மனென்ட் பட்டியலில் எஸ்தர் பெயர் ஏழாவதாக இருந்தது.

பிள்ளைகளே, நீங்களும் வெட்டத்தான் போகிறீர்கள். வெட்டாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வண்டி விலை குறைந்தால்தான் நம்மைப் போன்றவர்கள் வாங்க முடியும், அதற்கு நம் பிரிவுதான் உழைக்க வேண்டும். கணக்கு உங்களுக்கு என்னைவிட நன்றாக வரும், அதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். செய்கிறவரிடம் 'ஏன்' என்று கேட்டால், பதில் முடியும் வரை அங்கேயே நில்லுங்கள். பெல்ட் ஓடிக்கொண்டிருந்தால் டீ இடைவேளை வரை நில்லுங்கள், ஒரு டீயும் வாங்கிக் கொடுங்கள். 'பழக்கம்' என்று எழுதக் கை போனால், உங்களுக்கு இன்னும் காரணம் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தப்பு நடந்தால் சீக்கிரம் ஒத்துக்கொள்ளுங்கள், தாமதித்தால் உங்கள் இடத்தில் வேறு யாராவது கையெழுத்துப் போட வேண்டி வரும்.

இதோடு நிறுத்தினால் நான் பெரிய தியாகி மாதிரி தெரிவேன். அந்த எண்ணம் எனக்கே கொஞ்ச நாள் இருந்தது. எஸ்தர் என்றைக்காவது வந்து கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வாள், நான் பெருந்தன்மையாக, "இருக்கட்டும்மா" என்பேன் என்று உள்ளூர எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். எட்டு மாதமும் முடியப் போனது, அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மீன் குழம்பு மட்டும் ஒழுங்காக வந்தது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம், கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் மாலை வண்டிக்காக நின்றிருந்தேன். எஸ்தர் என்னைப் பார்த்துவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"மேடம், உங்களுக்கு மேல ரெண்டு வருஷம் குடுக்கறதா இருந்தாங்கோளாமே? என்னாலதான் போச்சுன்னு பேசிக்கிறாங்கோ."

நான் எதிர்பார்த்த நேரம் வந்துவிட்டது. குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டு, "பரவாயில்ல எஸ்தர். உனக்காகத்தானே" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்காகவா?" என்றாள். "நீங்கோ பண்ண தப்ப நீங்கோ ஒத்துகினீங்கோ. நல்ல விஷயம், எத்தினி பேரு செய்வாங்கோ? அத்த எனக்கு பண்ண உதவின்னு சொல்லிகினு இருக்காதீங்கோ. நான் ஒண்ணும் தப்பு பண்ணலியே, எனக்கு எதுக்கு மேடம் உதவி?"

பிளாட்பாரத்தில் அத்தனை பேர் மத்தியில் வெட்கமாக இருந்தது. ஆனால் அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் வெட்ட முடியவில்லை. பெருமூச்சு விட்டேனா, சிரித்தேனா தெரியவில்லை. "சரிதான்" என்று மட்டும் சொன்னேன்.

வண்டி வந்தது. கூட்டம் முட்டிக்கொண்டு ஏறியது, எஸ்தர் என்னை விட்டுவிட்டு முதல் ஆளாக உள்ளே பாய்ந்தாள். நான் இன்னும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அவள் முகம் தெரிந்தது. பக்கத்து சீட்டில் தன் லஞ்ச் பையைப் போட்டு ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, உட்கார வந்த ஒருவரோடு சண்டை போட்டபடியே என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"அக்கா! இன்னா அங்கியே நின்னுகினு கீறீங்கோ? எடம் புட்சி வச்சிகீறேன், ஏறுங்கோ!"

அத்தனை வருடத்தில் அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் ஏறினேன்.